மும்பைக்குப் புதிதா? எண்ணெயை முதலில் எடுத்து வையுங்கள்

திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கமிருந்து மும்பைக்கு வேலைக்கு வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது இரண்டுதான். எந்த ஏரியாவில் ரூம் பார்க்கலாம்? எந்தச் சபைக்குப் போகலாம்? நியாயமான கேள்விகள்தான். ஆனால் ரூமும் சபையும் எப்படியோ கிடைத்துவிடும். யாராவது ஓர் அண்ணாச்சி தெரிந்தவராக இருப்பார், அவர் கைகாட்டிவிடுவார். கைகாட்ட ஆளில்லாத விஷயங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் வரும் பத்துக் கன்னிகைகளின் கதையை சண்டே ஸ்கூலிலேயே படித்திருப்பீர்கள். தீவட்டியோடு காத்திருக்கையில் மணவாளன் வரத் தாமதமானதும் பத்துப் பேருமே தூங்கிவிடுகிறார்கள். புத்தியுள்ள ஐந்து பேரும் சேர்த்துத்தான். அவர்களைத் தூங்கியதற்காக யாரும் குறை சொல்லவில்லை. பாத்திரத்தில் எண்ணெய் இருந்ததால் நிம்மதியாகத் தூங்கினார்கள், சத்தம் கேட்டதும் எழுந்து தீவட்டியைச் சரி செய்தார்கள், அவ்வளவுதான். எண்ணெய் எடுத்து வராத மற்ற ஐந்து பேரும் எண்ணெய் கேட்டபோது கொடுக்க முடியாது என்று சொன்னதும் கஞ்சத்தனத்தால் இல்லை. பங்கு போட்டால் யாருக்கும் பத்தாது.

இந்தக் கதையை வைத்து ஒரு சோதனை. எந்த ஒன்றைப் பற்றியும் கேட்டுப் பாருங்கள்: நடுராத்திரியில் இது பக்கத்து வீட்டில் கடனாகக் கிடைக்குமா? மும்பையில் குடை கிடைக்கும், ஒரு தட்டுச் சோறு கிடைக்கும், படுக்கப் பாய் கிடைக்கும். இந்த ஊர்க்காரர்கள் அந்த விஷயத்தில் தாராளம். அதற்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பெயரில் உள்ள காகிதம், உங்கள் மருந்து, உங்கள் சேமிப்பு, உங்கள் ஜெபப் பழக்கம் ஆகியவை எந்த வீட்டிலும் கிடைக்காது. அவற்றைத்தான் முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும்.

ஊரில் ரயில் ஏறுவதற்கு முன்

ஆதார், பான், படிப்புச் சான்றிதழ்கள், நாலைந்து பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. இதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான். அசலை ஒரு பாலித்தீன் கவரில் போட்டு, அந்தக் கவரை இன்னொரு கவரில் போடுங்கள். ஜூன் மாதத்துக்கு மேல் இங்கே பெட்டிக்குள் இருக்கும் காகிதம்கூட நமுத்துப்போகும். அரசின் டிஜிலாக்கர் செயலியிலும் ஏற்றி வையுங்கள்.

பெரும்பாலும் மறந்துபோவது சபைக் காகிதங்கள். ஞானஸ்நானச் சான்றிதழ், திடப்படுத்தல் சான்றிதழ், உங்கள் போதகரிடமிருந்து ஒரு கடிதம். கத்தோலிக்கர் என்றால் பங்குத்தந்தையிடமிருந்து. இப்போது எதற்கு என்று தோன்றும். இங்கே வந்து மூன்று நான்கு வருடம் கழித்துக் கல்யாணம் நிச்சயமாகும். இங்குள்ள சபையிலும் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டும் என்பார்கள், அதற்குச் சான்றிதழ் கேட்பார்கள். அதற்குள் ஊரில் உங்களைத் தெரிந்த ஐயர் (போதகர்) மாற்றலாகிப் போயிருப்பார். புதிதாக வந்தவருக்கு நீங்கள் யாரென்றே தெரியாது. அப்பா பதிவேட்டைத் தேடிக்கொண்டு மூன்று தடவை சபை ஆபீசுக்கு நடப்பார். கிளம்பும் வாரத்தில் அரை மணி நேரம் ஒதுக்கினால் முடிகிற வேலை.

"கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பவர்களுக்கு

பணத்தைப் பற்றிப் பேசும் முன் இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சேமிப்பு, காப்பீடு என்று எடுத்தாலே "யேகோவாயீரே இருக்கிறார், பிறகென்ன?" என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. விசுவாசம் பெரியதுதான். ஆனால் அந்த வார்த்தை வரும் ஆதியாகமம் 22ஐத் திறந்து பாருங்கள். பலியிடப் போன இடத்துக்கு "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்ற பொருளில் அப்படிப் பெயரிட்ட ஆபிரகாம் அன்று அதிகாலையில் எழுந்து, கழுதைக்குச் சேணம் கட்டி, விறகைப் பிளந்து எடுத்துக்கொண்டுதான் புறப்படுகிறான். நெருப்பும் கத்தியும் கையில் இருந்தன. அவன் கொண்டுபோகாதது பலிக்கான ஆட்டுக்குட்டி ஒன்றைத்தான். அவனால் முடிந்ததையெல்லாம் அவன் செய்தான், முடியாத அந்த ஒன்றைக் கர்த்தர் பார்த்துக்கொண்டார். விறகையும் அவரே பிளந்து தரட்டும் என்று ஆபிரகாம் உட்கார்ந்திருக்கவில்லை.

எதிர்ப்பக்கமும் ஓர் ஆள் உண்டு. லூக்கா 12ல் வரும் ஐசுவரியவான், களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டுகிறவன். அவனும் ஆயத்தம் செய்கிறவன்தான், ஆனால் அந்த ஆயத்தத்தில் அவனைத் தவிர வேறு ஆளே இல்லை. யோசேப்பும் எகிப்தில் களஞ்சியம் நிரப்பினான், அது ஒரு தேசத்துக்குச் சோறு போட்டது. நீங்கள் சேர்ப்பது இந்த இரண்டில் எந்த வகை என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும், அதற்காகச் சேர்க்காமல் இருக்க வேண்டாம்.

முதல் மூன்று சம்பளம்

யோசேப்பு பார்வோனுக்குச் சொன்ன கணக்கு விளைச்சலில் ஐந்திலொரு பங்கு. முதல் சம்பளத்திலிருந்தே அதை எடுத்து வைத்துவிடுங்கள். மும்பையில் ரூம் வாடகை, டெபாசிட், புரோக்கர் கமிஷன் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். சம்பளம் முழுவதையும் ஊருக்கு அனுப்பும் பாசக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: இரண்டு மூன்று மாதம் கொஞ்சம் குறைத்து அனுப்புங்கள். அம்மாவுக்கு வருத்தமாக இருக்கும், இருக்கட்டும். நாளைக்கு நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்தால் நகையை அடகு வைத்து அனுப்பப் போவதும் அவர்தான்.

நம் வீடுகளில் கைப்பிடி அரிசி என்று ஒரு பழக்கம் உண்டு. உலையில் போடும் முன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். மாதக் கடைசியில் அது ஆலயத்துக்குப் போகும். கவனிக்க வேண்டியது அந்த வரிசை. சமைத்து மிஞ்சியதிலிருந்து எடுப்பதில்லை, உலை வைக்கும் முன்பே எடுத்துவிடுவார்கள். சம்பளம் ஏறிய மறுநாளே சேமிப்புக்கும் காணிக்கைக்கும் தானாகப் பணம் போகும்படி வங்கியில் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. மூன்று மாதச் செலவுக்குப் பணம் சேரும்வரை புது போன் வேண்டாம்.

ரூம் எடுக்கும்போது "லீவ் அண்ட் லைசென்ஸ்" ஒப்பந்தம் போடுவார்கள், பொதுவாகப் பதினொரு மாதத்துக்கு. மகாராஷ்டிராவில் இதைப் பதிவு செய்தே ஆகவேண்டும். 1999ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அந்தப் பொறுப்பை வீட்டுக்காரர் மேல் வைக்கிறது. "நம்ம ஆளுங்கதானே, வாய்ப்பேச்சு போதும்" என்று யார் சொன்னாலும் சிரித்துக்கொண்டே பதிவு கேளுங்கள். முகவரிச் சான்றுக்கும் கேஸ் இணைப்புக்கும் அந்தக் காகிதம்தான் உதவும். போலீஸ் வெரிஃபிகேஷனையும் முடித்துவிடுங்கள்.

சபையும் ஞாயிறு ரயிலும்

தாராவி, சயான், செம்பூர் பக்கங்களில் தமிழ் ஆராதனை நடத்தும் சபைகள் உண்டு. சி.எஸ்.ஐ.யில் வளர்ந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: தென்னிந்தியத் திருச்சபைக்கு வடக்கே சி.என்.ஐ. என்ற வட இந்தியத் திருச்சபை இருக்கிறது. 1970ல் உருவானது. ஆராதனை முறை பெரிதும் பழகியதாகவே இருக்கும். கத்தோலிக்கர்களுக்குத் தமிழ்த் திருப்பலியும் உண்டு, புதன்கிழமைகளில் மாஹிம் புனித மிக்கேல் ஆலயத்து நொவேனாவும் உண்டு. அங்கே கூட்டம் நெரியும், சீக்கிரம் போங்கள்.

ஊரில் திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின நாள் ஆயத்த ஆராதனை நடக்கும், நினைவிருக்கும். இங்கே சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குத்தான் ஆபீசிலிருந்து வீடு சேர்வீர்கள், அதனால் அந்த ஆயத்தத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சட்டையைத் தேய்த்து மாட்டிவிட்டு, காணிக்கையைக் கவரில் போட்டுவிட்டு, அல்மனாக்கில் (சபை நாட்காட்டியில்) மறுநாள் வேதபாடங்களைப் பார்த்து ஒருமுறை வாசியுங்கள். யாரிடமாவது மனஸ்தாபம் இருந்தால் ஒரு போன் போடுங்கள். அரை மணி நேரம் போதும். ஞாயிறு காலையில் இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டிவிட்டு, இரண்டாம் பாடம் வாசிக்கும்போது உள்ளே நுழைகிறவருக்குப் பிரசங்கத்தில் பாதி தூக்கத்தில் போய்விடும்.

அப்புறம் மெகா பிளாக். புதியவர்களை இதைப்போல் ஏமாற்றுவது வேறில்லை. தண்டவாளப் பராமரிப்புக்காகச் சென்ட்ரல், ஹார்பர் லைன்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகளை நிறுத்துவார்கள், அல்லது வேறு தடத்தில் திருப்பிவிடுவார்கள். பெரும்பாலும் காலை பதினொரு மணிவாக்கில் தொடங்கி மாலை நாலு வரை. வெஸ்டர்ன் லைனில் இதற்கு ஜம்போ பிளாக் என்று பெயர். காலை ஆராதனைக்கு ஜம்மென்று வந்துவிடுவீர்கள். திரும்பும்போது வண்டி உங்கள் ஸ்டேஷனில் நிற்காமலே போகும். அறிவிப்பு ஓரிரு நாள் முன்பே வரும், சனிக்கிழமை ஆயத்தத்தோடு இதையும் பார்த்துவிடுங்கள். பிளாக் உள்ள ஞாயிறில் மதியச் சாப்பாட்டைச் சபைப் பக்கத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது. டிக்கெட் எடுக்க மறக்காதீர்கள். டிக்கெட்டில்லாமல் பிடிபட்டால் கட்டணத்துக்கு மேல் குறைந்தது 250 ரூபாய் அபராதம். ஆராதனைக்குப் போய்க்கொண்டிருந்தேன் என்றால் டி.டி.ஆர். விடமாட்டார்.

மழைக்கு முன்

மும்பையில் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 11. ஆனால் 2025ல் மே 26ஆம் தேதியே வந்துவிட்டது. அதனால் மே மாதம் பாதி தாண்டும் முன் ஆயத்தமாகிவிடுங்கள். தாராவி, குர்லா பக்கம் கூரைகளில் நீலத் தார்ப்பாய் ஏறத் தொடங்கினால் அதுதான் உங்களுக்கும் நேரம்.

2005 ஜூலை 26ஐப் பற்றி இங்கே யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். அன்று 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை. அதே நாளில் கொலாபாவில் 73 மில்லிமீட்டர்தான். தெற்கே கோட்டைப் பகுதி ஆபீஸ்களில் இருந்தவர்கள் சாதாரண மழை என்று நினைத்துக் கிளம்பினார்கள், வடக்கே மித்தி ஆறு கரை மீறிக்கொண்டிருந்தது. ஆபீஸ் ஜன்னலை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். நீங்கள் இருக்கும் இடத்தில் மழை இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், உங்கள் வீடு இருக்கும் லைனில் என்ன நிலைமை என்று பாருங்கள்.

இரண்டாவது, கடல். மழைத்தண்ணீர் வடிந்து போகவேண்டிய இடம் கடல்தான். கடல் மட்டமே உயர்ந்திருக்கும்போது பெருமழை பெய்தால் தண்ணீருக்குப் போக வழியில்லை. 4.5 மீட்டருக்கு மேல் அலை எழும் நாட்களின் பட்டியலை மாநகராட்சி ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்பே வெளியிடும். அந்தத் தேதிகளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். தாதர் ஹிந்த்மாதா, மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள், சயான், மிலன் சப்வே, அந்தேரி சப்வே ஆகியவை தண்ணீர் தேங்குவதில் பேர்போன இடங்கள். தமிழர்கள் அதிகம் புழங்கும் பகுதிகளும் இதில் இருக்கின்றன.

தண்ணீரில் மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியவை. வண்டி நடுவழியில் நின்றால் இறங்காதீர்கள். 2019 ஜூலை 27ல் பத்லாபூர் – வாங்கனி இடையே மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் நின்றபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை வண்டிக்குள்ளேயே இருக்கச் சொல்லி, படகு கொண்டுவந்துதான் மீட்டார்கள். நடந்தே தீர வேண்டும் என்றால் நீளக் குடையின் கம்பால் தரையைத் தட்டித் தட்டி நடங்கள். 2017 ஆகஸ்ட் 29 மழையில் எல்பின்ஸ்டன் ரோடு பக்கம் திறந்திருந்த மேன்ஹோலில் விழுந்து இறந்தவர் ஊரறிந்த ஒரு மருத்துவர். திறந்த குழி இருக்கிறது என்று காட்டத் தெருவின் நடுவே யாராவது மரக்கிளையை நட்டிருந்தால் அதைச் சுற்றிப் போங்கள். காலில் சின்னப் புண் இருந்தாலும் தேங்கிய தண்ணீரில் நடந்த பிறகு மூன்று நாட்களுக்குள் மருத்துவரைப் பாருங்கள். எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க அவர் மாத்திரை எழுதித் தருவார். நீங்களே மருந்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

எண்கள்: மாநகராட்சிப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1916, ரயில்வே 139, ஆம்புலன்ஸ் 108, எல்லா அவசரத்துக்கும் 112. இவற்றை போனில் போடுங்கள், ஒரு சீட்டிலும் எழுதி வையுங்கள். அதோடு இரண்டு சொந்த எண்களை மனப்பாடம் செய்யுங்கள். இப்போது அம்மாவின் எண்ணே யாருக்கும் தெரிவதில்லை. போன் அணைந்துவிட்டால் அம்மாவும் போய்விடுகிறார்.

மனப்பாடம் என்றதும் இன்னொன்று. குர்லாவுக்கும் சயானுக்கும் நடுவே இரவு ஒன்பது மணிக்கு வண்டி நிற்கிறது. மின்விசிறி ஓய்ந்துவிட்டது, தண்ணீர் தண்டவாளத்தை மூடிவிட்டது, போனில் நாலு சதவீதம் சார்ஜ். வேதாகமச் செயலியைத் திறக்க முடியாது, திறக்கவும் கூடாது. அந்த நேரத்தில் உங்களிடம் இருப்பது நினைவில் இருப்பது மட்டும்தான். 121ஆம் சங்கீதம் எட்டே வசனம். 23ஆம் சங்கீதம் ஆறு. பாட்டி சொல்லிக்கொடுத்ததில் பாதி மறந்திருக்கும். மே மாதத்தில் தார்ப்பாய் வாங்கும்போதே அதையும் தூசு தட்டுங்கள். பக்கத்து சீட்காரர் பவர் பேங்க் தருவார், சங்கீதத்தைத் தரமாட்டார்.

பையில் என்ன இருக்க வேண்டும்

இதை நீட்ட வேண்டியதில்லை. குடை, போனுக்கும் பர்சுக்கும் ஜிப் வைத்த பாலித்தீன் கவர், பவர் பேங்க், தண்ணீர் பாட்டில், ஒரு பாக்கெட் பிஸ்கட் அல்லது கடலை மிட்டாய், சில்லறை நோட்டுகள், தினமும் போடும் மருந்து இருந்தால் இரண்டு நாளைக்கு. ரத்த வகையையும் ஓர் அவசர எண்ணையும் எழுதிய சீட்டு. மழைக்காலத்தில் தோல் ஷூவை ஆபீசில் வைத்துவிட்டு ரப்பர் செருப்பில் போய் வாருங்கள். பெண்கள் ஒரு மாற்று உடையும் ஆபீஸ் டிராயரில் வைத்திருப்பது நல்லது. டப்பாவில் நாலு இட்லி கூடுதலாக இருந்தால் நஷ்டமில்லை. வண்டி நின்ற நாளில் அதைத் திறந்ததும் எதிரே ஒரு குழந்தை கண்டிப்பாகப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கேட்டால் சொல்ல

நம்பிக்கையைப் பற்றிக் கேட்கிற எவருக்கும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறது 1 பேதுரு 3:15. ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள், தெருவே கிறிஸ்தவத் தெருவாக இருக்கும். இங்கே முதல் மாதத்திலேயே கேன்டீனில் கேட்பார்கள், அதுவும் இந்தியில். "சௌத் இந்தியன்னு சொன்னீங்க, அப்புறம் எப்படி கிறிஸ்டியன்?" பெரும்பாலும் இது வம்பு இல்லை, வெறும் ஆர்வம். பயந்து மழுப்பவும் வேண்டாம், முழுப் பிரசங்கமும் வேண்டாம். "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" என்று அதே வசனம் அளவைச் சொல்லிவிடுகிறது. உங்கள் குடும்பம் எப்படி விசுவாசத்துக்கு வந்தது, இயேசு உங்களுக்கு யார் என்பதை இந்தியில் நாலு வாக்கியமாகச் சொல்லிப் பழகுங்கள். சபையில் இந்தி தெரிந்த அண்ணனோ அக்காவோ திருத்தித் தருவார்கள். பிறகு அவருடைய நம்பிக்கையைப் பற்றியும் கேளுங்கள். கணபதிக்கு அவர் வீட்டில் மோதகம் செய்வார்களா என்று கேட்டால் பத்து நிமிடம் சந்தோஷமாகப் பேசுவார்.

யாரும் பேச விரும்பாதது

குடும்பத்தோடு இருப்பவர்கள் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: வங்கிக் கணக்குகள், காப்பீடு, நாமினி யார், எந்தச் சபையில் அங்கத்தினர். உயில் இல்லாமல் போனால் கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பங்கு பிரியும். மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மீதி. வேறுவிதமாக வேண்டும் என்றால் உயில் எழுதுங்கள். வீட்டில் மரணம் நேர்ந்தால் மருத்துவரின் சான்று இல்லாமல் அடக்கம் செய்ய முடியாது. வீட்டுக்கு வரக்கூடிய ஒரு மருத்துவரைத் தெரிந்து வைத்திருப்பது வயதானவர்கள் உள்ள வீட்டுக்கு அவசியம். இடம் குறைந்த ஊர் இது, கல்லறைக் குழிகளைச் சில வருடங்களில் மறுபடி பயன்படுத்துவார்கள். ஊரில் தாத்தாவின் கல்லறைக்கு வெள்ளையடித்துப் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். உங்கள் சபைக்கு எந்தக் கல்லறைத் தோட்டத்தில் உரிமை உண்டு, என்ன நடைமுறை என்று குருவானவரிடம் சாதாரணமாக ஒருநாள் கேட்டு வையுங்கள். "நல்ல நாளும் அதுவுமா எதுக்கு இந்தப் பேச்சு" என்று வீட்டில் சொல்வார்கள். கேட்டு வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போங்கள்.

கிறிஸ்மஸ்

ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பர் முதல் இப்படி. டிசம்பர் 23ஆம் தேதி கிளம்ப வேண்டும் என்றால் அக்டோபர் 24 காலை எட்டு மணிக்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். நாகர்கோவில் எக்ஸ்பிரசுக்கும் தாதர் – திருநெல்வேலி வண்டிக்கும் அன்று எல்லாரும் வரிசையில் இருப்பார்கள். ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கை ஆதாரோடு முன்பே இணைத்து, பயணிகள் பெயரைச் சேமித்து வையுங்கள். தவறினால் தட்கல், கிளம்பும் நாளுக்கு முந்தின நாள் ஏ.சி.க்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொரு மணி. தட்கலை நம்பி அம்மாவிடம் வருகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

டிக்கெட் கிடைக்கவில்லையா, சரி, மும்பையில் ஒரு கிறிஸ்மஸ். வீடு வீடாகப் பாடி வரும் கேரல் ரவுண்ட்ஸ் உங்கள் ஏரியாவுக்கு எந்த இரவு வருகிறது என்று சபைச் செயலாளரிடம் கேட்டு வையுங்கள். பதினொரு மணி என்பார்கள், இரண்டு மணிக்குத்தான் வருவார்கள். நீங்கள் தூங்கலாம், அலாரம் வேண்டாம், டிரம் சத்தமே எழுப்பிவிடும். இருபது முப்பது பேருக்குக் காப்பித்தூளும் சர்க்கரையும் பேப்பர் கப்பும் முதல் நாளே வாங்கி வைத்துவிடுங்கள், காணிக்கைக் கவரைக் கதவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். சொசைட்டி வாட்ச்மேனிடம் மாலையிலேயே சொல்லி, எதிர் வீட்டு மராத்திப் பாட்டியிடமும் ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள். சொல்லாமல் விட்டால் முதல் பாட்டு வாசல் கேட்டுக்கு வெளியிலேயே முடிந்துவிடும். சொல்லி வைத்தால் பாட்டியும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு காப்பி குடிக்க வந்துவிடுவார், அதனால் ஒரு கப் சேர்த்தே வாங்குங்கள்.